அனுபவச் சான்றிதழ்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நலம். உன் மாப்பிள்ளையும் நலம்; என் சமையலைச் சாப்பிட்டும் நலமாக இருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பரிசோதனை செய்ய அல்ல, குழாய்களில் லேபிள் ஒட்ட! ஒன்பது வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தவள் நான். இந்த நாட்டுத் தேர்வு எழுதினால்தான் பழைய நாற்காலி. அதற்கு அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்கள். நான் வேலை பார்த்த நம் ஊர் லேபில் டாக்டரம்மாவிடம் வாங்கி அனுப்பு. ஏப்ரல் பத்து கடைசி நாள். உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும், மறந்துவிடாதே.

உன் வாலு

பிப்ரவரி 26

வாலுக்கு ஆசிகள்.

அண்ணி உன்னை விசாரித்தாள். டாக்டரம்மா லீவில் இருக்கிறார், வந்ததும் வாங்குகிறேன். அப்படி என்ன தலை போகிற அவசரம்? மாப்பிள்ளை உன்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறார். பரீட்சை, படிப்பு என்று நீ கிளம்பினால் அவர் மனம் கோணாதா? போன இடத்தில் நல்ல பேர் எடு, எனக்கு அது போதும்.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான்.

மார்ச்சில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைவு என்று மெஷின் சொன்னது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், ஸ்லைடு போட்டு ஒரு தடவை பாத்துடுங்க. அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா மெஷின் கம்மியாத்தான் எண்ணும்."

மேற்பார்வையாளர் பார்த்தார். ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

"நீ லேபிள் ஒட்டறவதானே? இது எப்படித் தெரியும்?"

"ஒன்பது வருஷ வேலை, மேடம்."

"அப்புறம் ஏன் இன்னும் விண்ணப்பிக்கல?"

அண்ணன் அனுப்பவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்க அண்ணன்கிட்ட பிப்ரவரியிலேயே குடுத்துட்டேனேம்மா, வரலையா?" என்றார். வரவில்லை என்று மட்டும் சொன்னேன். மறுநாளே இன்னொன்றை மெயிலில் அனுப்பிவைத்தார்; கடைசி நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டேன்.

உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். "என் மனசு கோணும்னு நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டவர், தேர்வு முடியும்வரை அடுப்படியை எடுத்துக்கொண்டார். அவருக்கும் உப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் சாப்பிட்டுப் படித்தேன்.

தேறிவிட்டேன், அண்ணா. திங்கள்கிழமை முதல் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருகிறேன்.

என் நல்லதுக்கு என்றுதான் நினைத்திருப்பாய். எது நல்லது என்று என்னைக் கேட்டிருக்கலாம். நகல்களை வைத்துச் சமாளித்தேன். டிகிரி, மார்க் ஷீட் எல்லாவற்றின் அசல்களும் உன் பீரோவில் இருக்கின்றன. அனுப்பிவிடு. அண்ணன் என்ற இடம் அப்படியே இருக்கிறது. தாள்கள் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

உன் தங்கை

ஜூலை 20

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா கொடுத்த கவரும் பிரிக்காமல் அதிலேயே இருக்கிறது. நீ வேலை வேலை என்று ஓடினால் வீட்டில் சண்டை வரும், நான் பார்த்து முடித்த கல்யாணம் கெட்டுவிடும் என்று பயந்தேன். வேறு சமாதானம் சொல்லத் தெரியவில்லை. அண்ணி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செய்வது சரிதான்.

உன்னிடம் பேச வேண்டும் போல் இருக்கிறது. வேலை எத்தனை மணிக்கு முடியும்? எப்போது கூப்பிட்டால் உனக்கு இடைஞ்சலாக இருக்காது? சொல், அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறேன்.

அண்ணன்