ஒரு கோப்பை, ஒரு ஜோடி செருப்பு

பிப்ரவரி 28

மாதக் கடைசி. இணையத்தில் என் பக்கத்தில் இந்த மாதத்துப் படங்களில் பத்தைப் பொறுக்கிப் போட வேண்டும். போகிற போக்கில் எடுத்தது போல இருக்க, ஒரே காபியை இருபது தடவை எடுக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்கில் ஃபிரேம் மாட்டுகிறவளுக்கு இது ஒன்றுதான் பெருமை.

பாதியில் கதவைத் தட்டினார்கள். அக்கா. ஒரு காலில் செருப்பில்லை. தோடு இருந்த இடத்தில் காது கிழிந்து தொங்கியது. “வலிக்கல. முதல்ல கதவைச் சாத்துடீ” என்றாள்.

மார்ச் 1

காதுக்குத் தையல். தோள்பட்டை எலும்பில் விரிசல். எதற்கு அடித்தான் உன் புருஷன் என்று கேட்டேன். துணி காயப்போட்டதற்காம்! தோளில் கிளிப் தடம் விழக்கூடாதென்று சட்டையைத் தலைகீழாகத்தான் போடுவாள், சின்ன வயதிலிருந்தே. “செத்தவன் சட்டையா இது, தலைகீழா தொங்கவிட?” என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறான். இவனைப் போய் இத்தனை வருடம் மாமா என்று கூப்பிட்டேனே, என் வாயைக் கழுவ வேண்டும்.

மார்ச் 3

வந்துவிட்டான். நல்லவேளை, அக்கா கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் இருந்தாள். கட்டிலுக்கு அடியில், குளியலறையில் எல்லாம் தேடினான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். “எங்கடீ அவ?” சத்தியமாகத் தெரியாது என்றேன். மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. ஆனால் நம்பிவிட்டான். போகும்போது சொன்னான்: “நீ போடுற படமெல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

படம் போடுவதை நிறுத்தினால் சந்தேகம் வரும். ஆக, போனுக்குள் நான் தனிக்கட்டை. ஒரு கோப்பை, ஒரு ஜோடி செருப்பு.

மார்ச் 8

கழுத்துத் தடம் மஞ்சளாகிவிட்டது. கடையில் இன்னும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறேன். அவன் கையை முழங்கையோடு ஒடிக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இது தப்பா? தப்பாகவே இருக்கட்டும்.

மார்ச் 31

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்றில் இரண்டாவது பல்துலக்கி. அழித்தேன். “டம்ளர்ல என் கை தெரியுது பாரு” என்றாள். அதுவும் போயிற்று. போலீஸ்காரர்கள் தோற்றார்கள்!

கடைசியில் மிஞ்சியவற்றில் மொட்டை மாடிக் கொடிதான் அழகு. முழுக்க என் துணிகள். நீலச் சட்டைக்குள் சாயங்கால வெயில். “இது நல்லா இருக்கு, போடு” என்றாள் அக்கா.

ஏப்ரல் 1

பேரில்லாத ஒரு கணக்கிலிருந்து கேள்வி: “துணி காஞ்சிடுச்சா?” யாரோ வேலையற்றவன். சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

ஏப்ரல் 9

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. எழுதியாவது தீர்க்கிறேன்.

இரண்டாம் தேதி சாயங்காலம். கதவைத் திறந்ததும் ஸ்பானர் என் முகத்தில் இறங்கியது. தரையில் இரண்டு பல்—என்னுடையதுதான், முதலில் புரியவே இல்லை. என்னைத் தாண்டிப் போய் அக்காவின் முடியைப் பிடித்தான். “சட்டையைத் தலைகீழா தொங்கவிடுறவ உன்னைத் தவிர எவடீ இருக்கா?”

என் துணிதான். ஆனால் கொடியில் போட்டது அவள்! பல்துலக்கியைப் பார்த்தோமே, டம்ளரைப் பார்த்தோமே. இது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. எங்களுக்குத் துணி என்றால் அப்படித்தானே தொங்கும்.

அக்கா எனக்காக அந்த நீலச் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் இழுத்த இழுப்பில் அவள் தலை திரும்பியது. கை மட்டும் இஸ்திரிப் பெட்டியை விடவில்லை. அப்படியே அவன் முகத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அவன் அலறினான், முட்டி போட்டான், அப்போதும் எடுக்கவில்லை. முடி கருகிய நாற்றம். டெய்லரம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்து, போலீஸ் வரும்வரை அவன் தலைமாட்டிலேயே நின்றாள்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

ஏப்ரல் 20

அவனுக்கு ஜாமீன் இல்லை. ஒரு கண் போய்விட்டதாம். “வெளிய வந்தா நீதான் கண்ணாடி மாட்டிவிடணும், பாதி விலைக்கு” என்றாள் அக்கா. சிரிக்கக்கூடாது, கம்பி இழுக்கிறது. சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் அவள் அழுதாள்.

ஏப்ரல் 30

காலையில் நானே துணி காயப்போட்டேன். எல்லாவற்றையும் தோளில் கிளிப் மாட்டி நேராக. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்திருக்கிறது.

அக்கா மாடிக்கு வந்து கொடியைப் பார்த்தாள். வலிக்கிற தோளோடு ஒவ்வொன்றாகக் கிளிப்பைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். கொடிக்குக் கீழே என் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பையும் கழற்றி விட்டாள்.

“இப்ப எடு.”

எத்தனை தடவை என்று விரலைக் காட்டிக் கேட்டேன்.

“ஒண்ணு போதும்.”

ஒன்றுதான் எடுத்தேன். போட்டுவிட்டேன்.