அடிக்காத தோல்

வியாசர்பாடி,
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். நானும் அம்மாவும் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினால் கேட்பதில்லை. கோதண்டம் மாமாவின் லாரி நீ வேலை செய்கிற கன்டெய்னர் யார்டுக்கு வாரம் இரண்டு நடை வருகிறதாம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதோ பக்கத்து அத்திப்பட்டில் இருக்கிற அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். ஏப்ரல் பதினான்கு விழாவில் நம் குழு பாடுவதை ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள். என் பேஸ் டிரம்மின் பெடலை ஒரு மிதி மிதித்தால் அதிர்வு அடங்கவே நேரமாகிறது, மற்ற வாத்தியங்களை விழுங்கிவிடுகிறது என்று ஒலிப்பதிவாளர் சொல்லிவிட்டார். உள்ளே தலையணை திணித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. இப்போது அதிர்வை அடக்கும் வளையத்தோடேயே செய்த தோல்கள் கிடைக்கின்றன. தோல் என்று பேர்தான், எல்லாம் பிளாஸ்டிக் தாள். தெரிந்த கடையில் கெஞ்சி மூன்று வகை வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று. புளியந்தோப்பு மேடையில் இரண்டு பாடல்களில் நீ தாளத்தை விட்டு முன்னால் ஓடினாய். குழுத் தலைவர் கிருஷ்ணப்பன் அண்ணன் என்னிடமே சொன்னார்: "இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா வேற ஆள வச்சிப் பாடிக்கினு போய்டுவேன், ஆமா." பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் ஷெட்டில் ஒத்திகை. கட்டாயம் வா.

உன் தங்கை,
மாயா

அத்திப்பட்டு,
8 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். எழுத்துதான் எனக்கு வசதி, இனிமேலும் எழுதியே அனுப்பு. நசுங்கிய பெட்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை, பகல் முழுக்கச் சுத்தியல். சாயங்காலம் போனைத் தொடவே பிடிப்பதில்லை.

தோலை மாற்றாதே. ஒலிப்பதிவாளர் நாலு நாளில் போய்விடுவார், பாடப்போவது நான். எனக்கு அந்த அதிர்வு வேண்டும். அதன்மேல் நின்றுதான் பாடுகிறேன். என் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கித் தந்த டிரம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

ஞாயிறு வருகிறேன். அம்மாவை மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்.

பீம்ராவ்

வியாசர்பாடி,
18 மார்ச் 2025

பீம்ராவுக்கு,

அண்ணன் என்று எழுத இன்று கை வரவில்லை.

ஒத்திகையில், பாரபட்சம் இருக்கக் கூடாது என்றுதானே எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பிடித்த சத்தத்துக்குக் கை தூக்கச் சொன்னேன்? முதல் தோல், ஓரத்தில் மெல்லிய வளையம் வைத்தது. நீ கை தூக்கவில்லை. இரண்டாவது, உள்ளே தடித்த நுரை ஒட்டியது. அதற்கும் தூக்கவில்லை. மூன்றாவதை மாட்டி நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் காலே வைக்கவில்லை. வாசலில் கன்டெய்னர் லாரி போனது. நீ கையைத் தூக்கி, "இத்தான். நல்லா நீட்டமா கீது" என்றாய்.

ஷெட்டே சிரித்தது. "இன்னா நைனா, லாரிய மேடைல நிறுத்திரலாமா?" என்று கிருஷ்ணப்பன் அண்ணன் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. தோலை மாற்றுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கேலி செய்திருக்க வேண்டாம். நீ எனக்குச் செய்ததிலேயே இதுதான் மோசம்.

மாயா

அத்திப்பட்டு,
24 மார்ச் 2025

மாயா,

நான் கேலி செய்யவில்லை. கை தூக்கியபோது எனக்குக் கேட்டது அந்த லாரிதான், அதுவும் காலில்.

இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. வலதில் பாதிதான் மிச்சம். எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிக்கிறேன். போனில் எந்த வாயைப் பார்ப்பது? மேடையில் உன் டிரம் தரையில் அதிர்வதை வைத்துத்தான் பாட்டை எடுக்கிறேன். அதிர்வை அடக்கிவிட்டால் எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. அந்தப் பயத்தில்தான் மாற்றாதே என்றேன்.

கிருஷ்ணப்பனிடம் சொல்லிவிடாதே. காது கேட்காதவன் என்று ஒருமுறை பேராகிவிட்டால் எந்த மேடையும் கூப்பிடாது. அதற்கு முன்னால் நானே விலகிக்கொள்கிறேன். நீ பிடித்த தோலைப் போட்டுக்கொள். நான் வரவில்லை. பாட்டும் இல்லாமல் வெறும் சுத்தியலோடு எப்படி இருக்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

பீம்ராவ்

வியாசர்பாடி,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அழுதேன். அப்புறம், இரண்டு வருடமாக என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று ஆத்திரம் வந்தது. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

ஷெட்டுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். காதில் பஞ்சு அடைத்து, அதன்மேல் துண்டைச் சுற்றிக் கட்டி, வெறுங்காலோடு நின்றேன். அம்மா தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதித்தாள். முதலில் உன் பழைய தோல். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. நாலு அடியும் ஒரே நடுக்கம், எது எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. புளியந்தோப்பில் நீ ஓடவில்லை, அண்ணா. என் டிரம்தான் உன்னைத் தள்ளியிருக்கிறது.

மெல்லிய வளையத்திலும் அதே குழப்பம். தடித்த நுரைத் தோல் காலுக்கு வரவே இல்லை. நீ கை தூக்கிய மூன்றாவதில், வெளியே வளையத்தை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். அதில் சின்ன வளையத்தைப் போட்டு, டிரம்மையும் என்னையும் ஒரே பலகைமேல் நிறுத்தியதும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் குதிகாலில் வந்து நின்றது. அதையே வாங்கிவிட்டேன்.

இனி நீ கோபப்படப் போவதைச் சொல்கிறேன். விழா மேடையில் அந்தப் பலகையை ஆணி வைத்து அடிக்கும்போது எதற்கு என்று கிருஷ்ணப்பன் அண்ணன் கேட்டார். பொய் வாயில் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, டிரம்மை மிதிக்கச் சொன்னார். இறங்கியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஆணி பத்தாது. போல்ட் போடு."

போல்ட் போட்டாகிவிட்டது. விழா முடிந்ததும் காது டாக்டரிடம் போகிறோம், அதில் பேச்சே இல்லை. நீ நிற்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு. நாலு அடி கொடுப்பேன். நீ பாட்டை எடுக்காவிட்டால் மறுபடி நாலு. ஊரே பார்த்தாலும் சரி, நீ வாயைத் திறக்கும்வரை அந்த நாலைத்தான் மிதித்துக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை,
மாயா