மடி அறையில் பதினொரு பெட்டிகள்

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைப் பல்லி ஒரு சத்தம் போட்டாலே கையில் இருக்கிற கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவள் நான். கல்யாணமான ஆறு வருஷத்தில் என் கணவர் வரத்துக்கு இது தெரியாதா? தெரிந்தும் செய்கிற மனுஷனை என்ன சொல்ல!

தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் இன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து குட்டி யானை வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள், பதினொன்று. உள்ளே எல்லாம் பல்லி. வெளிநாட்டுப் பல்லி! கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்சில் அவருக்குப் பழக்கமான லாரிக்காரர் அன்புராஜ் கொடுத்தாராம். பத்து நாள் வைத்திருந்தால் போதுமாம்.

எல்லாவற்றையும் மாடியில் மடி அறையில் கொண்டுபோய் வைத்தார். மாமனார் கோயில் கைங்கர்யத்துக்கு உடுத்துகிற வேஷ்டி காய்வது அங்கேதான். வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு வருஷமாக முழங்கால் வலியில் அவர் படியேறுவதில்லை, அறை சும்மா கிடக்கிறது. ஆனாலும் வேலைக்காரி முதல் சொந்தக்காரர் வரை யாரும் நுழைவதில்லை.

"அதான் சௌகர்யம். யாரும் தொடமாட்டா" என்றார் வரத். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் 4, புதன்

பார்க்கவே மாட்டேன் என்று இருந்தேன். பார்த்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

பெட்டி மேல் ஒட்டியிருக்கிற பெயரைப் போனில் தட்டித் தட்டிப் பார்த்தேன். இகுவானா இரண்டு, தென் அமெரிக்கப் பக்கம், பச்சைப் பசேல் என்று. தாடி வைத்த டிராகன் மூன்று, ஆஸ்திரேலியா. கோபம் வந்தால் கழுத்து கறுத்து உப்புகிறது. நீல நாக்கு ஒன்று, அதுவும் ஆஸ்திரேலியா. பெட்டியைத் தட்டினேன், நாக்கை நீட்டியது. நிஜமாகவே நீலம்! கீழே வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று, இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்க்கிறது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் புள்ளிப் பல்லி நான்கு. அவை கண் சிமிட்டுகின்றன. நம் சுவர்ப் பல்லி சிமிட்டாது, இது சிமிட்டி என்னையே பார்க்கிறது.

இன்னொன்றும் போட்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பல்லியை விற்பனைக்கு வெளியே அனுப்பவே கூடாதாம். அப்படியானால் இவை எங்கள் மணவாள நகருக்கு எப்படி வந்தன?

கேட்டேன். "பேப்பர்லாம் அன்புராஜ் பாத்துப்பான், நீ ஏன் குடையற" என்று எரிந்து விழுந்தார். பதில் தெரிந்தவர் இப்படிக் கத்துவாரா?

பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று மாமனாரின் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. மாடியில் பதினொன்று இருந்தால் என்ன பலன் என்று போடவில்லை.

ஜூன் 7, சனி

வரத் விசாகப்பட்டினம் போயிருக்கிறார். கம்பெனி ஆடிட்டாம். போகும்போது ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவைக் காட்டி, "இகுவானாவுக்குக் கீரை. மத்ததுக்கு இது" என்றார்.

திறந்தேன். புழு! உயிரோடு! தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்! பெருமாளுக்கு அமுது பண்ணுகிற தயிர்! முறத்தை வைத்து டப்பாவைத் தள்ளிக்கொண்டே போய்ப் புழக்கடையில் செம்பருத்தி அடியில் கொட்டினேன். அதுகளாவது பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் காக்காய்க் கூட்டம்.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாவற்றுக்கும் முருங்கைக் கீரை, காரட், வெள்ளரிக்காய். நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தேன். இந்த வீட்டில் யாரும் உயிரைக் கொன்று தின்றதில்லை, இதுகள் மட்டும் என்ன? பசித்தால் தின்னும்.

இகுவானா தின்றது. டிராகன் கொஞ்சம் கொறித்தது. புள்ளிப் பல்லிகள் கிண்ணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

ரேஷன் கார்டு தேடப் பீரோவைத் திறந்தேன். வரத்தின் பாஸ்போர்ட் இல்லை.

விசாகப்பட்டினத்துக்கு எதற்கடா பாஸ்போர்ட்? எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போன் எடுக்கவில்லை. காலையிலிருந்து பதினாலு தடவை.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் அன்புராஜ் போன்.

"அண்ணி, சாரு போனு சுவிட்ச் ஆஃப்ல கீதுன்னு பயப்படாதீங்க. ஒண்ணும் பேஜாரு இல்ல. பெட்டிங்கள எடுத்துக்கினு போக சனிக்கெயம சாயந்தரம் ஆளு வரும்."

"அவர் எங்கே இருக்கார்?"

"வந்துனே இருக்காரு. உருப்படிங்க எல்லாம் நல்லாகீதா? ஒண்ணு கொறஞ்சாலும் நா பதில் சொல்லணும். அப்பாலிக்கா நீங்களும் சொல்லணும். யார் கையிலயும் வாயத் தெறக்காதீங்க, இன்னா?"

மரியாதையாகத்தான் பேசினான்.

மாடிக்கு ஓடிப் போய் எண்ணினேன். பதினொன்று. ஆனால் புள்ளிப் பல்லிகளின் வால்! வந்த அன்று கொழுகொழுவென்று இருந்தது, இப்போது நூலாகிவிட்டது. கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்குமாம், பூச்சியைத் தவிர எதுவும் தின்னாதாம். இன்றுதான் படித்தேன். இன்றுதான்!

ஜூன் 13, வெள்ளி

ஒன்று செத்துவிட்டது.

நான்தான் கொன்றேன். உயிரைக் கொல்லாத குடும்பம் என்று கீரையை நறுக்கி நறுக்கி வைத்தே பட்டினி போட்டுக் கொன்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, முதல் தடவையாக. மற்றதற்கெல்லாம் பயம் வந்தது. அன்புராஜுக்கு, போலீசுக்கு, வரத் எங்கேயோ எதையோ கையில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு.

மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மடி அறை என்றதும் மூஞ்சி செத்துப் போய்விட்டது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஜன்னலைச் சாத்தினார்.

"வெளில மூச்சு விடாதே அமிர்தா. நாளைக்கு ஆள் வந்தா குடுத்துட்டு அலம்பி விட்டுடு. கோயில்ல நான் எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

"உங்க பிள்ளை ஜெயிலுக்குப் போனா எப்படிக் காட்டுவேள் மாமா?"

இந்த வீட்டில் நான் அவரை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல். அவருக்கும் என்னைப் போலவே பயம்.

ஜூன் 14, சனி

காலை ஏழரைக்கு வரத் வாட்ஸப்பில் கூப்பிட்டார்.

"எங்கே இருக்கேள்?"

"வைசாக்."

பின்னால் ஒரு பெண் மைக்கில் என்னவோ பாஷை பேசினாள். தெலுங்கு இல்லை. தெலுங்கு எனக்குத் தெரியாதா!

"பாஸ்போர்ட் பீரோவுல இல்ல. பொய் சொல்லாதீங்கோ."

"பாங்காக். நாளைக்கு ராத்திரி ஏறிடுவேன். ஒரு பெட்டிதான் அமிர்தா, கடைசித் தடவை" என்றார்.

கடைசித் தடவை என்றால் முதல் தடவை எப்போது? கேட்கத் தோன்றவில்லை. மாட்டேன் என்று அன்புராஜிடம் சொல்ல முடியாமல் போய் நிற்கிறார். அதுதான் அவர். கல்யாணத்துக்கே அப்படித்தான் சம்மதித்தார்.

வனத்துறைக்குப் போன் போட்டேன். பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி பெயர் விக்டோரியா, என் வயதுதான் இருக்கும். அவர் பூட்ஸோடு மாடியேறினார். மாமனார் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டது. பத்து உயிர், ஒரு சவம். கையெழுத்துப் போட்டேன். கணவர் எங்கே என்றார். வைசாக் என்றேன்.

ஜீப் போனதும் வரத்துக்குப் போன்.

"எல்லாத்தையும் குடுத்தாச்சு. உங்க பேரையும் சொல்லியாச்சு. ஏர்போர்ட்ல உங்களுக்காக ஆள் நிப்பா. வெறுங்கையோட வந்தா வாங்கோ."

ஏர்போர்ட் பொய். விமானத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

சாயந்திரம் வரவேண்டிய ஆள் வரவில்லை. எதிர்வீட்டார் சொல்லித் தெருமுனையிலேயே திரும்பியிருப்பான். வாசல் கதவுக்குக் கிரைண்டரை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டார். மத்தியானம் ஒன்றரைக்கு. தோள் பையில் நான்கு சட்டை, அழுக்கு வேஷ்டி, அவ்வளவுதான். பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அடித்தேன். தோளில், முதுகில். வாங்கிக்கொண்டார்.

சாப்பிடும்போது தானாகவே சொன்னார். "நான் மாட்டேன்னுட்டேன். அன்புராஜ் உடனே அந்தப் பெட்டியக் கூட வந்த பையன்கிட்ட குடுக்கச் சொன்னான். பழவேற்காட்டுப் பையன், சபரிநாதன்னு பேரு. என் பக்கத்து சீட்டுதான். இங்க ஏர்போர்ட் ஸ்கேன்ல பிடிச்சுட்டா."

"அவன்கிட்ட சொன்னேளா?"

"எதை?"

"ஏர்போர்ட்ல ஆள் நிப்பான்னு."

அவர் எழுந்து கையலம்பப் போய்விட்டார். இலையில் மோர் சாதம் அப்படியே இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

வரத்தை நானே கூட்டிப் போய் வனத்துறையில் ஒப்படைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

அவர் பெயிலில் வந்தபின் திங்கள்தோறும் வனத்துறை ஆபீசில் கையெழுத்து. கம்பெனி வேலை போய்விட்டது. அன்புராஜ் அகப்படவில்லை. போன் அடித்தால் இன்னும் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

இன்று நானும் கூடப் போனேன். அவர் உள்ளே போயிருந்தபோது பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேவதர்ஷினி, சபரிநாதனின் மனைவி. அவனுக்கு இன்னும் பெயில் கிடைக்கவில்லை. நான் யார் என்று வாசலில் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரும் அதே பிளைட்டுல தான வந்தாரு? அவரு கையில ஒண்ணுமே இல்லியாமே. எப்டிக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

"எடுத்துண்டு வராதீங்கோன்னு நான் போன் பண்ணிச் சொன்னேன்."

தலையை ஆட்டினாள். சண்டைக்கு வருவாள் என்று புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு மீன் கம்பெனி வேலைன்னு சொல்ட்டு போனாருக்கா. தெரிஞ்சிருந்தா நானும் போன் போட்டிருப்பேன்ல?"

வரத் வெளியே வந்தார். யார் என்று கண்ணாலேயே கேட்டார். சொன்னேன். அவளை நிமிர்ந்து பார்க்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவளைக் கூப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.