ரிக்ரெட் மட்டும் போதும்

மெக்கானிக் சாருக்கு,

இதை உங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். விசாரணை அறைக்குள் போகும் முன் படித்துவிடுங்கள். நேரில் சொல்ல வந்தால் "சரி, சரி" என்று சுவரைப் பார்க்கிறீர்கள்.

லிஃப்ட் விழுந்ததைப் பற்றி ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அதில் கால் உடைந்த நர்ஸின் அண்ணனும் இருப்பார். அவரைப் பார்த்ததும் உங்கள் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் யாராவது உங்கள் காலை மிதித்தால்கூட நீங்கள்தான் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

"ரிக்ரெட்" என்று சொல்லுங்கள். நடந்ததற்கு வருந்துகிறேன், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "அபாலஜைஸ்" மட்டும் வேண்டாம். அது, தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்வது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்பீர்கள். எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் புகார்களுக்கு நாள் முழுக்கப் பதில் அடிக்கிறவள் நான். முதல் வார்த்தையை நானே போட்டுவிடலாம். இரண்டாவதைப் போட மேனேஜரின் அனுமதி வேண்டும்.

நேற்று சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்ட் பிரேக்கைச் சோதித்துப் பார்த்தீர்களா, பார்க்காமலே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டீர்களா என்று இப்போதும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவீர்கள். தெரிந்துகொண்டு என்னால் இதை எழுத முடியாது.

சாயங்காலம் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்ப்போம். அங்கே எந்த வார்த்தையைச் சொல்வதென்று நான் சொல்லித்தர மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி