கெபியோரத் தபால் பெட்டி

சவேரியார்பேட்டை,
திண்டிவனம் வட்டம்.
நவம்பர் மாதம், ஞாயிறு பூசை முடிந்து.

அன்பு மகள் ஜாக்குலினுக்கு உன் அம்மா அமலோற்பவமேரி எழுதிக்கொள்வது. இயேசுவுக்குப் புகழ். மாதா புண்ணியத்தில் உன் அப்பாவும் தம்பி ஆஸ்வினும் நானும் இந்த அடைமழையிலும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஷில்லாங் மலையில் கன்னியர் மடத்துக் குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்காகத் தனியாக ஒரு மணி உருட்டுகிறேன். மற்றக் கதையெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படி. எனக்கு உன் மேல் கோபம் கிடையாது. கோபத்தில் எழுதாமல் இருக்கவும் இல்லை. தேர்த் திருவிழாவுக்குக் கொடி ஏற்றினதிலிருந்து மாதம் தவறாமல் உனக்கு எழுதிப் போட்டேன், அதில் ஒன்றுகூட நம்ம ஊர் எல்லையைத் தாண்டவில்லை. உங்கள் மதர் உனக்குச் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

போன வாரம் போஸ்ட்மேன் குமரேசன் வண்டியை வாசலில் நிறுத்தி உன் கடிதத்தைக் கொடுத்தான். அம்மா, இத்தனை மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை, நான் கன்னியாஸ்திரி ஆவதில் உனக்கு இன்னும் மனவருத்தம் என்று தெரிகிறது, உன்னை நோகடித்துவிட்டு நான் பீடத்துக்கு முன்னால் நிற்க மாட்டேன், டிசம்பர் எட்டாம் தேதி ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கிற வார்த்தைப்பாட்டுக்குள் உன் கையெழுத்தில் ஒரு வார்த்தை வராவிட்டால் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தலை சுற்றிவிட்டது. எழுதவில்லையா, நானா? முன்னே வந்த கடிதங்களிலும் ஏன் எழுதவில்லை என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய், நானோ அவள் கடிதம் இங்கே வரும்போது நம்ம கடிதம் அங்கே போய்க்கொண்டிருக்கும், அஸ்ஸாமெல்லாம் தாண்ட வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குமரேசனைப் பிடித்து உலுக்கினேன். எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று கேட்டான். வேறு எந்தப் பெட்டி, மாதா சிலை வைத்த கெபி ஓரத்தில் இருக்கிற சிவப்புப் பெட்டிதான் என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயையோ மேரியக்கா, அத்த மூடி எம்மாங்காலம் ஆவுது, யாரும் லெட்டரே போடறதில்ல, வெறும் பெட்டியத் தெறந்து தெறந்து மூடிக்கினு இருந்தோம், மூடிட்டோம்னு நோட்டீசு ஒட்டிட்டுத்தானே போனேன் என்றான். நோட்டீஸ் எங்கே என்று போய்ப் பார்த்தால் அதன் மேல் ஆடம்பரத் தேர் பவனி என்று திருவிழா போஸ்டர், மைதா பசையில் நாலு பக்கமும் அழுத்தி ஒட்டியிருக்கிறது. ஒட்டினவன் யார்? உன் தம்பி ஆஸ்வின்தான், பங்கு இளைஞர் மன்றத்துக்குப் போஸ்டர் ஒட்டுகிற பெரிய மனுஷன். அப்படி மூடினவர்கள் பெட்டியை ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டேன். வண்டி கொண்டாந்தாங்க, ஒங்க ஊட்டுக்காரரு கெபிச் செவுத்தோட சேத்துப் பூசி வெச்சிக்கிறாரு, இடிச்சா மாதாவுக்கு ஆவாதுன்னு உட்டுட்டுப் போயிட்டாங்க என்று சொல்லி அவன் சிரிக்கிறான். உன் அப்பா கொத்தனார் வேலையில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும், அந்தக் கெட்டிக்காரத்தனம் உன் தலையில் வந்து விடிந்தது. போஸ்டர் ஒரு ஆம்பளை, பூச்சு ஒரு ஆம்பளை, அன்றைக்கு இரண்டு பேருக்கும் நான் சோறு போடவில்லை.

மறுநாள் குமரேசன் திண்டிவனத்தில் பெரிய அதிகாரியிடம் கேட்டுச் சாவி வாங்கிக்கொண்டு வந்து திறந்தான், திருவிழா மாதிரி கூட்டம். என் கடிதமெல்லாம் மழைத் தண்ணியில் ஊறிப்போய், மை கரைந்து, உன் பேர் இருந்த இடத்தில் நீலக் கறைதான் இருந்தது. அதோடு போயிற்றா, உள்ளே மடித்து மடித்து ஒரு குவியல் சீட்டு. கெபிச் சுவரில் இருக்கிறதால் மாதாவுக்கு வைத்த மன்றாட்டுப் பெட்டி என்று நினைத்து பொம்பளைகள் வேண்டுதலை எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த தெரு சவுரியம்மாள் அதில் பாய்ந்து அவள் சீட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், மருமகளைப் பற்றி என்ன எழுதினாளோ. இதுக்கெல்லாம் ஸ்டாம்பு ஒட்டலையே, நான் எப்பிடி டெலிவரி பண்றது என்று குமரேசன் கேட்க, அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே ஆஸ்வின் உங்கள் மடத்துக்குப் போன் போட்டு இங்கிலீஷில் விவரம் சொன்னான். வார்த்தைப்பாடு முடியும் வரைக்கும் பயிற்சியில் இருக்கிற நவதுறவிகள் போனுக்கு வரக்கூடாதாம், நான் உன் குரலைக் கேட்கலாம் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முதல் வார்த்தைப்பாட்டுக்குக் குடும்பத்தைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பதிலாகப் பெற்றவர்கள் தங்கள் கையால் எழுதின தாளைப் பீடத்தில் வைப்பதுதான் எங்கள் வழக்கம், அது வந்து சேர வேண்டும் என்று மதர் சொன்னார்களாம். இவன் உடனே, இன்னாம்மா, எழுதிக் குடு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல தட்டிவுடறேன், ஜல்தியா போயிடும் என்கிறான். ஏண்டா, மெழுகுவத்திக்குப் பக்கத்தில் செல்போனையா நிறுத்துவார்கள் என்று கேட்டேன்.

சரி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம், பத்திரமாகப் போகும் என்று நேற்று திண்டிவனம் போனேன். ஃபேன்சி ஸ்டோரில் கவர் கேட்டால் ஒரு ரூபாய் ஒட்டின மொய்க் கவரை எடுத்துப் போடுகிறாள் அந்தப் பெண், கடிதம் போடுகிற கவர் என்று விளக்க வேண்டியதாயிற்று. போஸ்ட் ஆபீசில், ரிஜிஸ்டர்னு தனியா இப்ப கெடையாதுங்கம்மா, ஸ்பீடு போஸ்ட்லயே சேத்துட்டாங்க, சார்ஜும் மாறிடுச்சு என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவள் சொன்ன தொகையைக் கேட்டு, ஐந்து ரூபாய்க் கவரில் போய்க்கொண்டிருந்த கடிதம் இப்போது ஆள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையால எழுதினதாங்கம்மா, இங்க வர்றதெல்லாம் வக்கீல் நோட்டீசும் ஏடிஎம் கார்டுந்தான், எழுதிக்கினு வாங்க, நானே சீல் போடறேன் என்றாள். நல்ல பெண், இளவரசி என்று பேர் சொன்னாள். எடை கூடினால் காசும் கூடும் என்று அவள் சொல்லியும் நான் பார் எத்தனை தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா பார்த்தால் பேஜாரு பண்ணுவார்.

வீட்டுச் சேதி என்றால், ஆஸ்வினுக்கு விழுப்புரத்தில் பைக் ஷோரூமில் வேலை கிடைத்திருக்கிறது, காலை ரயிலில் போய்ச் சாயந்திரம் வருகிறான், சட்டையை இஸ்திரி போட்டுக் கொடு என்று என் உயிரை எடுக்கிறான். விதைக் கடலை உரித்து வைத்தாயிற்று, மழை விட்டால்தான் மல்லாட்டை விதைக்க முடியும். அப்பாவுக்கு முட்டி வலி, சாரம் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. நீ அங்கே வெறும் காலோடு சிமெண்டுத் தரையில் நடக்காதே, முட்டி உனக்கும் அப்பா வழிதான். பக்கத்து வீட்டுக் காந்திமதி உனக்குக் கேப்பை மாவு அரைத்து வைத்திருக்கிறாள், அதை எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை, கடிதத்துக்கே இந்த விலை என்றால் மாவுக்கு நிலத்தைத்தான் விற்க வேண்டும்.

இனிமேல் சொல்லப் போவதை மறைத்தால் எனக்குப் பூசையில் நற்கருணை வாங்க மனம் வராது. வந்துவிடுகிறேன் என்று நீ எழுதின வரியைப் படித்ததும், தலை சுற்றினது போய் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன் தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன். காந்திமதியிடம் ஜாக்குலின் வந்தாலும் வருவாள் என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டேன், அந்த மாவு அதனால்தான் அரைத்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், டிசம்பர் எட்டு தானாகத் தாண்டும், பிள்ளை தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. பெட்டியைத் திறந்து அந்த ஊறின தாள்களைக் கையில் வாங்கினபோதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டாயா, போர்வை போதுமா என்று நான் இங்கே எழுதி எழுதிப் போட, அம்மா நம்மைத் தள்ளிவிட்டாள் என்று என் பிள்ளை அங்கே நினைத்து நினைத்து எத்தனை அழுதிருப்பாள். அடி என் கண்ணே, நீ வருவதானால் அந்த மடம் உனக்குப் பிடிக்காமல் வா, உடம்பு முடியாமல் வா, என்னைப் பார்க்க ஏங்கிப்போய் வா. அம்மாவுக்குக் கோபம் என்கிற பொய்யைத் தூக்கிக்கொண்டு மட்டும் வராதே. அப்படி வந்து நீ நின்றால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அதனால் பீடத்துக்கான தாளைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முழு மனதோடு என் மகளை ஆண்டவருக்குக் கையளிக்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கமாம், மதர் சொன்னதை ஆஸ்வின் தமிழில் சொன்னான். எத்தனை தாளைக் கிழித்தேன் தெரியுமா, முழு மனதோடு என்கிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. உன் அப்பா, அட முழு மனசோடன்னு எழுதிட்டுப் போயேன்டி, அந்த மலையில யாரு தமிழ் படிக்கப் போறாங்க என்றார். ஆண்டவருக்குமா தமிழ் தெரியாது என்று கேட்டேன். அதனால் உள்ளதை எழுதிவிட்டேன். எனக்கு மனம் இல்லை, என் மகளுக்கு மனம் இருக்கிறது, அதனால் கொடுக்கிறேன். அவ்வளவுதான் அதில் இருக்கிறது, பூசையில் மொழிபெயர்க்கச் சொன்னால் அப்படியே சொல், கூட்டிக் குறைக்காதே. அப்பாவும் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். நம் வீட்டில் மாடு ஏது.

வார்த்தைப்பாடு முடிந்தால் போன் தருவார்களாம், தரட்டும், ஆனாலும் எழுதுவதை நிறுத்திவிடாதே, போனில் நல்லா இருக்கேன்மா என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். காதை மூடித் துணி கட்டிக்கொள், வெந்நீர் குடி. சேசு மரி சூசை உனக்குத் துணை இருக்கட்டும், நீ எடுத்து வைக்கிற காலடியெல்லாம் நல்லதாக இருக்கட்டும். எட்டாம் தேதி காலையில் உன் மனதை நீயே கேட்டுக்கொள். மனம் இருக்கிறது என்றால் அந்தத் தாளைப் பீடத்தில் வை. இல்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வா, ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டோம், நான் வாசலில் நிற்பேன்.

உன்னைக் கொடுக்கிற,
கொடுத்தாலும் விடாத அம்மா,
தொ. அமலோற்பவமேரி