மஞ்சத்தண்ணி வீடியோ

ஏப்ரல் 8, செவ்வாய்

செவலை மாடு காலையில இருந்து தவிட்டுத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. மழைக்காலம்னா புல்லுல என்னத்தையோ தின்னுபுட்டுச்சுன்னு சொல்லலாம், இந்த வெயில்ல புல்லுக்கு எங்க போக.

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இந்த மைக்கு படத்த அமுக்கிப் பேசுனா போனே எழுதி வச்சுக்கிடும்னு சொல்லிக் குடுத்தது எங்க அண்ணன் மக சரண்யாதேவி. காலேசு படிக்கிறா. "இத யாரு அத்தை படிக்கப் போறா?"ன்னா. யாரும் படிக்க வேணாம். எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து மாட்டுகிட்டத்தான பேசிக்கிட்டுக் கெடக்கேன். அது தலைய ஆட்டும், அம்புட்டுத்தான்.

சொல்ல வந்தத விட்டுட்டேன். போன வாரம் எங்க ஊரு அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்சு மறுநா மஞ்சத்தண்ணி. அன்னைக்கு மட்டும் மொறைக்காரவுகளத் தொரத்தித் தொரத்தி ஊத்தலாம், வாய்க்கு வந்தபடி வையலாம். ஊத்தலைன்னாத்தான் வருத்தம். "என்ன ஒச்சம்மா, நம்ம மேல கோவமா"ன்னு கேப்பாக. எங்க அத்தை மகன் முத்துப்பாண்டி மச்சான் வில்லாபுரத்துல இருந்து பொண்டாட்டியோட வந்திருந்தாரு. கே.கே. நகர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுறாரு. தெனமும் வேன் நெறையப் புள்ளைகள அள்ளிக்கிட்டுப் போறவருல்ல, அதுனால சட்டையக் கொத்தாப் புடிச்சு, ஒரு வாளியத் தலையில கவுத்து, "புள்ள புடிக்கிற பயலே, முழியப் பாரு, சாக்குக்குள்ள எத்தனை புள்ளைடா வச்சிருக்க"ன்னேன். தோள்ல தேங்கா மூட்டை வேற வச்சிருந்தாரு. மனுசன் மூட்டையக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு. "ஆத்தா விட்டுரு, இனிமே புடிக்க மாட்டேன்"னாரு. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. சரண்யா போன்ல புடிச்சுருந்தா. திருப்பூர்ல இருக்கவுக பாக்கட்டும்னு நாந்தேன் ஊர் குரூப்புல போடச் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

மாடு தின்னுச்சு.

இன்னொன்னு. அந்த வீடியோ சுத்திச் சுத்தி என்கிட்டயே வந்துருச்சு. ஆண்டிபட்டிக்காரி ஒருத்தி மகளிர் குழுவுல போட்டிருக்கா. எங்க ஊரு எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. சிரிப்பு இருந்த எடத்தை எல்லாம் வெட்டிட்டாக, அது ஒன்னுதான் கொறை. மேல செவப்புல என்னமோ எழுதியிருந்துச்சு, திருவிழா வாழ்த்தா இருக்கும். பெருமையா இருந்துச்சு. பால் சொசைட்டி குரூப்பு, கோயில் குரூப்பு, கொழுந்தன்மாரு, எல்லாத்துக்கும் தட்டி விட்டேன்.

ஏப்ரல் 12, சனி

சரண்யா வந்தா. "அத்தை, இதப் பாத்தியா"ன்னு போனக் காட்டுனா. பாத்தேனே, நல்லாருக்குல்லன்னேன். அவ சிரிக்கல. செவப்பு எழுத்தப் படிச்சா. "மக்களே உசார். புள்ள புடிக்கிற கும்பல்ல ஒருத்தன் மாட்டிக்கிட்டான். குத்தத்த ஒத்துக்கிட்டான். இந்த மூஞ்சிய எங்க பாத்தாலும் விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

திரும்பப் படிக்கச் சொன்னேன். அதேதான் இருந்துச்சு.

எவன்டா எழுதுனது? எதுக்கு? எங்க மச்சானுக்கும் அவனுக்கும் என்ன வரப்புத் தகராறா? மூஞ்சி முழுக்க மஞ்சள், கும்புட்ட கை, கீழ சாக்கு மூட்டை. தெரியாதவுக பாத்தா நம்பத்தான செய்வாக. நானே இன்னொரு தடவ பாத்தப்ப, ஒரு நொடி, யாரோ களவாணி மாதிரித்தான் தெரிஞ்சாரு.

"அழிச்சுருடி"ன்னேன். அழிச்சா நம்ம போன்ல மட்டும்தேன் போகுமாம்.

நான் அனுப்புனத அவகிட்டச் சொல்லல.

ஏப்ரல் 13, ஞாயிறு

மச்சானுக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்கல.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவரு எடுக்கல, அவரு பொண்டாட்டி பாண்டீஸ்வரியக்கா எடுத்துச்சு. எப்பவும் "என்னடி ஒச்சு, கன்னுக்குட்டி எப்புடி இருக்கு"ன்னுதான் ஆரம்பிக்கும். இன்னைக்கு "சொல்லு"ன்னுச்சு.

பள்ளிக்கூடத்துல வேன் சாவிய வாங்கி வச்சுக்கிட்டாகளாம். பிரின்சுபால் அம்மா மரியாதையாத்தான் பேசுச்சாம். "எங்களுக்கு உங்களத் தெரியும், முத்துப்பாண்டி. பெத்தவங்க பயப்படுறாங்க. கொஞ்ச நாள் வீட்ல இருங்க"ன்னு. பெத்தவுக குரூப்புல இந்துப்ரியான்னு ஒரு அம்மா பேசி அனுப்புனத அக்கா எனக்குப் போட்டுக் காட்டுச்சு. "என் பொண்ணு அந்த அங்கிள் மடியில உக்காந்து ஸ்டீயரிங் புடிச்சிருக்கா. இப்ப நெனச்சா எனக்குக் குலை நடுங்குது"ன்னு அழுகுது. அந்தப் பொம்பளையையும் வைய முடியல. அது பயம் நெசந்தான. பொய்யப் பாத்துப் பயந்தாலும் பயம் நெசந்தான?

மச்சானுக்குப் புள்ள இல்ல. அத இங்க சொல்லணுமான்னு தெரியல. வேன்ல ஏறுற புள்ளைக பேரு ஒவ்வொன்னையும் திருவிழாவுக்கு வந்தா எங்ககிட்ட ஒப்பிப்பாரு. எந்தப் புள்ள சன்னலோரம் கேக்கும், எது திங்கக்கெழமை மட்டும் அழும். பாண்டீஸ்வரியக்கா "போதும், கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு"ன்னு வாயப் பொத்தும்.

ஏப்ரல் 16, புதன்

அடிச்சுப்புட்டாக.

வாடிப்பட்டிப் பக்கம் லோடு வண்டி வேலை இருக்குன்னு கேக்கப் போயிருக்காரு. டீக்கடையில ஒருத்தன் போனையும் இவரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்திருக்கான். "அவந்தேன்டா"ன்னானாம். பேரக் கேட்டிருக்காக, சொன்னாரு. ஊரக் கேட்டிருக்காக, சொன்னாரு. "வீடியோவுல நீதான ஒத்துக்கிட்ட"ன்னுதான் மொத அடி விழுந்திருக்கு. மஞ்சத்தண்ணி வெளாட்டுன்னு சொல்லிப் பாத்திருக்காரு. காதுல வாங்கல. அந்த வழியா வந்த எங்க ஊரு அருண்பாண்டி பைக்க நிப்பாட்டிட்டு உள்ள பூந்து, "டேய், இது எங்க மாமன்டா, கைய எடுங்கடா"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டானாம். அவனுக்கும் முதுகுல விழுந்திருக்கு. அவன் மட்டும் வரலைன்னா?

காதுல தையல். ஆசுபத்திரியில இருக்காரு. போறேன். மாட்ட அண்ணன் வீட்ல கட்டிட்டுப் போறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

சைபர் கிரைம் ஆபீசுக்குப் போனோம். மச்சான், அக்கா, சரண்யா, நானு. காவல் நெலையம்னாலே எனக்குப் பயம். எங்க வீட்டுக்காரரு ஒரு தடவ ஆடு காணாமப் போனதுக்குப் போயி, களவு குடுத்தவர களவாண்டவரு மாதிரி ஒக்கார வச்சிருந்தாக. அது பழைய கதை, விடு.

இங்க இருந்த பொம்பள எஸ்ஐ நல்ல மாதிரி. ஒக்காரச் சொல்லிக் கேட்டுக்கிட்டு, "எந்த வழியா வந்துச்சு, எந்த வழியாப் போச்சுன்னு பாக்கணும்மா. போனக் குடுங்க"ன்னுச்சு.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. குடுக்காம இருக்க முடியுமா.

அது தள்ளித் தள்ளிப் பாத்துச்சு. அப்புறம் என்னைய நிமிந்து பாத்துச்சு. "ஏம்மா, எச்சரிக்கை எழுதுன வீடியோவ நீங்களே ஆறேழு எடத்துக்கு அனுப்பியிருக்கீங்களே?"

பாண்டீஸ்வரியக்கா என்னையப் பாக்கல. மேசையப் பாத்துச்சு. "எழுதியிருந்தத எனக்குப் படிக்கத் தெரியாது தாயி"ன்னேன். சரண்யாதான் அழுதா. எனக்கு அழுகை வரல.

வெளிய வந்து வேப்பமரத்து நெழல்ல நின்னோம். மச்சான் காதுக் கட்டோட, "வந்ததும் பாத்துச் சிரிச்சியா?"ன்னாரு.

"சிரிச்சேன் மச்சான்."

"எனக்கும்தான் ஒருத்தன் அனுப்புனான். படிக்கத் தெரிஞ்ச நானே மொதல்ல சிரிச்சிட்டுத்தான் படிச்சேன்."

அதுக்கு அவரு என்னைய வஞ்சிருக்கலாம். அன்னைக்கு நான் வஞ்ச மாதிரி, நடு ரோட்டுல நிக்க வச்சு. அக்கா ஆட்டோவுல ஏறிப் போயிருச்சு. வாரேன்னு சொல்லல.

ஏப்ரல் 22, செவ்வாய்

நான் அனுப்புன எடத்துக்கெல்லாம், அது வந்த மகளிர் குழுவுக்கும், பேசி அனுப்பிட்டேன். இது பொய்யி, இவரு எங்க அத்தை மகன், வஞ்சவ நாந்தேன்னு. பால் சொசைட்டிக்காரரு கட்டவெரல் படம் போட்டாரு. ஆண்டிபட்டிக்காரி "அப்புடியா"ன்னா. அம்புட்டுத்தான். "நான் அனுப்புன ஆளுககிட்டயும் சொல்றேன்"னு ஒருத்தரு சொல்லல.

சரண்யா, மூஞ்சி தெரிய வீடியோ போடலாம்னா. சரின்னு மாட்டுக்கொட்டாய் முன்னாடி நின்னேன். வணக்கம், என் பேரு ஒச்சம்மா, இந்த முத்துப்பாண்டி யாருன்னா, அவுக அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே கெணத்துல நீச்சல் பழகுனவுக, அந்தக் கெணறு இப்ப மண்ணு மூடித் தூந்து போச்சு—

"அத்தை, கெணறு வேணாம். முப்பது செகண்டு."

"முப்பது செகண்டுல நான் எச்சிலே முழுங்க மாட்டேன்டி."

"அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாக அத்தை."

ஒரு மனுசன் நல்லவன்னு சொல்ல முப்பது செகண்டு பத்துமா? கெட்டவன்னு சொல்ல அது போதுமா இருந்துச்சே. கடைசியில வெட்டி வெட்டிப் போட்டா.

ஏப்ரல் 25, வெள்ளி

கீழ என்ன எழுதுறாகன்னு படிக்கச் சொன்னேன். சரண்யா படிச்சா. "நல்லது அம்மா." "உண்மை தெரிஞ்சது." அவ வெரலு எம்புட்டு நேரமோ கீழ எறங்குது, வாய் ரெண்டு வார்த்தைதான் சொல்லுது. "நடுவுல என்னடி இருக்கு?"

"ஒன்னுமில்ல அத்தை. வெறும் படம்."

அவ கண்ணு கலங்கிருச்சு. என்னையத்தான் என்னமோ எழுதியிருக்காக. மச்சானையும் என்னையும் சேத்து வச்சு எழுதியிருப்பாக, வேற என்ன எழுதுவாக. நாப்பத்தெட்டு வயசு தாலியறுத்தவ ஒரு ஆம்பளை சட்டையப் புடிச்சா? படிக்கத் தெரியாதது இன்னைக்கு ஒருநா நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். அந்த நெனப்பும் ரொம்ப நேரம் நிக்கல. அவ படிச்சிட்டாளே. பத்தொம்பது வயசுப் புள்ள, என்னையப் பத்தி அத்தனையும் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சோறு திங்குது.

மே 3, சனி

எவனோ எங்கயோ இன்னும் அனுப்பிக்கிட்டிருக்கான். இப்ப கேரளாவுல நடந்ததுன்னு போட்டிருக்காம்.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. போலீசு, வீடியோ பொய்யின்னு எழுதிக் குடுத்தத எடுத்துக்கிட்டு மச்சான் போயிருக்காரு. பிரின்சுபால் அம்மா படிச்சுட்டு "எங்களுக்கு முன்னாடியே தெரியும்"னுச்சாம். வேன் சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்தாச்சாம். அந்த இந்துப்ரியா அம்மா வாசல்ல பாத்துட்டு, "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னுச்சாம். சொல்லும்போதே பொண்ணு கைய இறுக்கிப் புடிச்சுக்கிருச்சாம். அந்தப் புள்ள, "அங்கிள், நீங்க ஏன் வரல"ன்னு கேட்டுச்சாம்.

"நீங்க என்ன சொன்னீக?"ன்னு கேட்டேன்.

"வண்டி ரிப்பேருன்னேன்."

இப்ப தக்காளி லோடு ஓட்டுறாரு. அக்கா நேத்துப் போன் பண்ணி, கன்னுக்குட்டி எப்புடி இருக்குன்னு கேட்டுச்சு. நல்லாருக்குன்னேன். அது எப்பயோ வளந்து இந்தச் செவலை மாடாகிப் போச்சுன்னு சொல்ல வாய் வரல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வில்லாபுரத்துல ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்தேன். மச்சான் ஆரப்பாளையம் வரைக்கும் வந்து பஸ் ஏத்தி விடுறேன்னாரு. தக்காளி வெலை, டயரு வெலைன்னு பேசிக்கிட்டே வந்தாரு. நல்லாத்தான் பேசுறாரு, காது மட்டும் கொஞ்சம் கோணிருச்சு.

பஸ் ஸ்டாண்டுல நொங்கு வண்டிகிட்ட ஒரு பொம்பளப் புள்ள தனியா நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. அவருதான் மொதல்ல பாத்தாரு. கால் ஒரு எட்டு முன்னாடி போயிருச்சு. அப்பறம் நின்னுட்டாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாரு.

"ஒச்சு, நீ போ."

"நீங்களும் வாங்க மச்சான்."

"நீ போ. நான் இங்கனயே நிக்கிறேன்."

போனேன். பேரக் கேட்டேன், சொல்ல மாட்டேங்குது. விசும்புது. அவரு தூணுகிட்ட இருந்து சத்தங் குடுத்தாரு. "பேரக் கேக்காத. என்ன கிளாசுன்னு கேளு."

கேட்டேன். யூகேஜின்னுச்சு.

"மிஸ்ஸு பேரக் கேளு. சொல்லும்."

மிஸ்ஸு பேரச் சொல்லுச்சு. அழுகை பாதி நின்னுச்சு. அம்மா என்ன சேலைன்னு கேட்டேன், மயில் போட்டதுன்னுச்சு. தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுக் கூட்டத்தப் பாத்து நின்னேன். "தேனி பஸ்சுகிட்டப் பாரு, ஒரு அம்மா ஓடியாருது"ன்னு அவருதான் காட்டுனாரு. அந்தம்மா ஓடியாந்து புள்ளையப் புடுங்கிக் கட்டிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதுச்சு. என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு.

"நான் இல்லம்மா, அந்தா அவருதான் பாத்தது"ன்னு திரும்பிக் கைய நீட்டுனேன்.

மச்சான் எங்களுக்கு முதுகக் காட்டி நின்னு, தலைய அண்ணாந்து பஸ் நேரம் எழுதுன போர்டப் படிச்சுக்கிட்டிருந்தாரு. அவரு ஏற வேண்டிய பஸ்சு அதுல ஒன்னும் இல்ல.