வார்டை மூடுகிறார்கள், வெர்லின்

வெர்லின்,

மாட்டிறைச்சி சூப் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள். நான் டூட்டிக்குப் போகிறேன்.

நீ வயலுக்குப் போன பிறகு தலைமை நர்ஸ் கூப்பிட்டார். மாதக் கடைசியோடு எங்கள் வார்டை மூடுகிறார்களாம். வீடு திரும்பிய இதய நோயாளிகளை வாராவாரம் போனில் விசாரித்தால், அவர்கள் மறுபடி வந்து படுப்பது குறையுமா என்பதுதானே என் நர்சிங் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வு? வார்டே இல்லையென்றால் யாரை விசாரிப்பது? என் ஆன்லைன் படிப்பின் பேராசிரியையை வீடியோ காலில் பிடித்துக் கேட்டேன். "வேற ஆஸ்பத்திரி பாத்து முதல்லேர்ந்து ஆரம்பிங்க, லுவெல்லா" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி ஏது?

நேற்று நீ, "லேப்டாப்போடயே குடித்தனம் நடத்துறியே, யாரு உன்னை டாக்டர்னு கூப்பிடப் போறா?" என்று கத்தினாய். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று காலை, அந்தப் படிப்பிலிருந்து விலகுவதாக எழுதி அனுப்பிவிட்டேன்.

மதியம், எங்கள் வார்டிலிருந்து வீடு திரும்பிய இதய நோயாளி பெரியவர் ஓர்வில் எடை பார்க்க வருவார். குளியலறையில் இருக்கும் மெஷினில் ஏற்றிவிடு. போன வாரத்து எடை அவருக்கே தெரியும். கூடியிருந்தாலோ கால் வீங்கியிருந்தாலோ உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே எனக்குப் போன் செய். வார்டு விஷயத்தை அவரிடம் சொல்லாதே, பயந்துவிடுவார்.

லுவெல்லா

பி.கு.: நீ சொன்னது சரிதான். இன்று ராத்திரி மட்டும் அதை உன் வாயால் சொல்லிவிடாதே.